தனிமரம் தோப்பாயிற்று!

கறுப்பர் ஒருவர் வேதம் சொன்னார். வெள்ளை ஆட்சி விலங்கு பூட்டிற்று! காங்கோவின் சைமன் கிம்பாங்கு 1921இல் பெல்ஜிய ஆட்சியால் சிறைப்பட்டார். 30 ஆண்டு வாடி, 1951இல் சிறையிலேயே மாண்டார். அவர் கண்ட சபையோ மாளவில்லை! 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றமே அதனை உறுப்பினராக ஏற்றது.

1978இல் கெய்ரோவிலே, ஆப்பிரிக்கரே கண்ட சுதந்திரத் திருச்சபைகளின் தலைவர்கள் கூடினர், கூட்டமைப்பு அமைத்தனர். எகிப்தின் பழம்பெரும் காப்டிக் சபையின் பேராயர் அந்தோனியஸ் மார்க்கோஸ் துணைநின்றார், எஜமானராக அல்ல, உடன்பிறந்தாராக!

தொழிற்சங்கம் கண்ட தோழர்களுக்கு இதன் பொருளை விளக்கவா வேண்டும்? ஆனால், ஒன்று சொல்வோம். துரைமார் அதிகாரத்தை உதறியவர்கள், 'நானா, நீயா' என்று தமக்குள்ளே துரைத்தனம் வளர்த்தால், சிறையிலே சிந்திய கண்ணீர் வீண்! தட்டிக்கொடுக்கும் கைதான் தலைமைக்கு அழகு, தட்டிப்பறிக்கும் கையல்ல!