ஊசியோடு நாலு வார்த்தை!

நர்சம்மா சொல்ல வேண்டும்; தாய்மார் கேட்க வேண்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பு ஊசி நாள். தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் வருகிறார்கள். நர்சு ஊசி போடுகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள்.

வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி, வாயால் செய்ய வேண்டிய வேலை. என்ன ஊசி, எதற்காகப் போட்டது, இனி என்ன செய்ய வேண்டும் என்று தாய்க்கு விளங்கும்படி சொல்வதுதான் அந்த வேலை. அதை விட்டுவிட்டால், போட்ட ஊசியின் பலனும் போய்விடக் கூடும்!

ராத்திரியில் வரும் ஜுரம்

குழந்தை பிறந்த 6-வது வாரத்தில் "பென்டா" என்ற ஊசி போடுகிறார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரலைக் கெடுக்கும் ஒரு வகை மஞ்சள் காமாலை, நிமோனியாவையும் மூளைக் காய்ச்சலையும் உண்டாக்கும் ஒரு கிருமி ஆகிய ஐந்துக்கும் இந்த ஒரே ஊசி காவல். 10-வது வாரத்திலும் 14-வது வாரத்திலும் இதை மறுபடி போட வேண்டும்.

ஊசி போட்ட அன்று ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வரலாம். தொடை வீங்கலாம். இது பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால், இது தாய்க்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை!

"நல்லா இருந்த பிள்ளைக்கு ஊசியைப் போட்டு ஜுரத்தை இழுத்துக்கிட்டு வந்துட்டியே! இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்கிறாள் மாமியார். மருமகள் வாயடைத்துப் போகிறாள். அடுத்த ஊசி நின்றுபோகிறது.

மாமியாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள். "ஜுரம் வரும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதே மாமியார் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

உடம்புக்குள் ஒரு போலீஸ்

ஊசி எப்படி வேலை செய்கிறது? இதைப் புரிய வைப்பது கஷ்டம் அல்ல.

நம் உடம்பில் காவல் படை ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத திருடன் வந்தால், அவனை அடையாளம் கண்டு பிடிப்பதற்கு அதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அவன் வீட்டைச் சூறையாடிவிடுவான். தடுப்பு ஊசி என்பது, திருடனின் படத்தை முன்கூட்டியே போலீசிடம் கொடுத்து வைப்பது போன்றது. செத்த கிருமி, வலுவிழந்த கிருமி, கிருமியின் ஒரு துண்டு போன்ற ஒன்றைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். படை அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. பழகும்போது வரும் சூடுதான் அந்த ராத்திரி ஜுரம். மறுபடி மறுபடி ஊசி போடுவது, படம் மறந்துவிடாமல் இருப்பதற்காக!

இதன் பலன் கண்கூடு. வீடு வீடாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன பெரியம்மை, உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

வதந்தி ஓடிய வேகம்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை-ரூபெல்லா தடுப்பு ஊசி முகாம் நடந்தது. அப்போது என்ன ஆயிற்று? "இந்த ஊசி ஆபத்து" என்று வாட்ஸ்-ஆப்பில் வதந்தி பரவியது. படித்த பெற்றோரே தயங்கினார்கள். முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வதந்தி ஏன் ஓடியது? விளக்கம் அதற்கு முன்னால் போய்ச் சேரவில்லை. அதுதான் காரணம்.

தட்டம்மை லேசான நோய் அல்ல. நோயாளி இருந்த அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை அந்தக் கிருமி இருக்கும். பாதுகாப்பு இல்லாதவர்கள் நடுவே, ஒருவரிடம் இருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக் கூடியது. போலீசின் பழைய ஞாபகத்தையும் அது அழித்துவிடுகிறது. அதனால் தட்டம்மை வந்து பிழைத்த குழந்தையை வேறு நோய்கள் சுலபமாகத் தாக்குகின்றன. 100 பேரில் 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் ஊருக்குப் பாதுகாப்பு. ஒரு வீட்டின் தயக்கம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஆபத்து!

நாலு வார்த்தை எவை?

ஊசி போட்டதும் நர்சு நாலு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சியிலேயே கற்றுத் தருகிறார்கள்:

1. இன்று போட்டது என்ன ஊசி, எந்த நோயைத் தடுக்கும்?

2. என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது?

3. அடுத்த ஊசி என்றைக்கு?

4. ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை கொண்டு வரவேண்டும்.

இவற்றைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். "நேரம் எங்கே?" என்று நர்சுகள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. சமவெளியில் சுமார் 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். பதிவேடுகளை எழுத வேண்டும். எத்தனை ஊசி போட்டார் என்று கேட்கும் அதிகாரிகள், எத்தனை தாய்மாருக்குப் புரிய வைத்தார் என்று கேட்பது உண்டா? பேசுவதும் வேலைதான் என்று மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து வேலையைக் குறைத்து, பேச நேரம் தரவேண்டும்.

சொல்லும் முறையும் முக்கியம். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு தடவை அதட்டினால், அந்தத் தாய் அப்புறம் வாயே திறக்க மாட்டாள். முடிந்தால் மாமியாரையும் கூட வரச் சொல்லிப் பேச வேண்டும். பல வீடுகளில் தீர்ப்புச் சொல்பவர் அவர்தானே!

தாய்மார்களுக்கு

நர்சம்மா சொல்ல மறந்தால், நீங்கள் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள். பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசி சில வாரங்களில் கொப்புளமாகி, ஆறித் தழும்பாகும். அதில் மருந்தோ மஞ்சளோ பூச வேண்டாம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். ஒரு தவணை தவறிவிட்டதா? முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியது இல்லை. விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். ஆனால் வலிப்பு வந்தாலோ, குழந்தை விடாமல் 3 மணி நேரம் அழுதாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு மருந்து இருக்கிறது. அதுதான் சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுங்கள். பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, காவல்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு சோறு ஊட்டும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஊசி மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதோடு சேரவேண்டிய நாலு வார்த்தைக்கும் காசு இல்லை. அதைச் சொல்லாமலும் கேட்காமலும் ஒரு குழந்தையைக்கூட நாம் இழக்கக் கூடாது!