விளக்கை அணைத்தால் கோளாறு தீருமா?

காரின் சாவியைத் திருப்பியதும் டிரைவருக்கு எதிரே ஒரு சிறு விளக்கு எரியும். ஒரு மனிதன் உட்கார்ந்து இருப்பது போலவும், அவனுக்கு எதிரே ஒரு பந்து இருப்பது போலவும் அதில் படம் இருக்கும்.

சில விநாடிகளில் அது அணைந்துவிட வேண்டும்.

அணையாவிட்டால்?

"அது கிடக்கட்டும். கார்தான் ஓடுகிறதே!" என்கிறவர்கள் உண்டு. பல்பைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பல்பைக் கழற்றுகிறவர், வீட்டில் நாய் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டுகிறவரைப் போன்றவர். திருடன் வந்தானா என்று அவர் பார்ப்பது இல்லை.

அடிக்கும் பை

அந்த விளக்கு, உயிர் காக்கும் காற்றுப் பையைச் சேர்ந்தது. கார் எதிலாவது பலமாக மோதினால், ஸ்டியரிங்கின் நடுவில் இருந்து இந்தப் பை விரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் விரிந்து முடிந்துவிடும்.

அது தலையணை போல மெதுவாக வருவது அல்ல. வெடித்துக் கொண்டு வருவது. தள்ளி உட்கார்ந்து இருப்பவரை அது காப்பாற்றும். ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்து இருப்பவரை அதுவே தாக்கிவிடும்.

குள்ளமானவர்களுக்குத்தான் இதில் அபாயம் அதிகம். கால் எட்டுவதற்காக அவர்கள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக் கொள்ளுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அமெரிக்காவில் 1990-ல் இருந்து 2008 வரை, குறைந்த வேகத்தில் நடந்த மோதல்களில், காற்றுப் பை அடித்தே 290-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். குழந்தைகளும் இறந்தார்கள்.

அந்த நாட்டு அரசு 2000-ம் ஆண்டில் புதிய சட்டம் போட்டது. ஆளைப் பார்த்துப் பை விரிய வேண்டும் என்பது அதன் கருத்து. 2003-ல் தொடங்கி 2006-க்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் அது வந்துவிட்டது.

சீட்டுக்கு அடியில்

பை எப்படி ஆளைப் பார்க்கும்? அதற்குக் கண் இல்லையே!

அந்தக் கண்தான் சீட் சென்சார். சீட் நகரும் தண்டவாளத்தில் இது இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். உள்ளே சிறு காந்தமும், காந்த சக்தியை உணரும் ஒரு சில்லும் உண்டு. சீட் நகரும்போது ஓர் இரும்புத் தகடு இதன் அருகே வரும், அல்லது விலகிப் போகும். உடனே கம்பியில் ஓடும் மின்சாரம் மாறும். பல கார்களில் ஒரு நிலையில் சுமார் 5 மில்லி ஆம்பியரும், மறு நிலையில் சுமார் 15 மில்லி ஆம்பியரும் ஓடும்.

"டிரைவர் அருகில் இருக்கிறார்" என்று செய்தி போனால், பையின் வேகத்தைக் குறைக்கலாம் என்று காரின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். செய்தியே வராவிட்டால்? விளக்கை எரிய விடும். அந்த நிலையில் மோதல் நடந்தால், பை விரியாமலும் போகலாம். வேண்டாத வேகத்தில் விரியவும் கூடும்.

எல்லாக் கார்களிலும் இந்தச் சென்சார் இல்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல், டிரைவருக்குக் காற்றுப் பை இல்லாமல் புதிய கார் விற்கக் கூடாது. ஒரே வேகத்தில் விரியும் பையும் இங்கு உண்டு. ஆனால் விளக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது.

குற்றவாளி யார்?

ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். "சீட் சென்சார் கோளாறு" என்று எழுத்து வருகிறது. உடனே புதுச் சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். பில் வருகிறது. பத்து நாள் கழித்து விளக்கும் வருகிறது!

இங்குதான் தவறு நடக்கிறது. ஸ்கேனர் தெருவின் பெயரைத்தான் சொல்லும். வீட்டு எண்ணைச் சொல்லாது. சென்சார், அதன் கம்பி, கம்பியின் இணைப்பு, இவை எல்லாமே அந்தத் தெருவில்தான் இருக்கின்றன.

சென்சாருக்கு நகரும் உறுப்பு இல்லை. கம்பிக்கோ ஓய்வே இல்லை. கணவன் சீட்டைப் பின்னால் தள்ளுகிறான். மனைவி முன்னால் இழுக்கிறாள். ஒவ்வொரு முறையும் கம்பி மடங்கி நிமிருகிறது. குழந்தை கொட்டிய பால், மழைத் தண்ணீர், உருண்டு போன பாட்டில், குடை எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. கார்ப்பெட்டைக் கழுவ சீட்டைக் கழற்றியவர், இணைப்பைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே முதலில் டார்ச் விளக்கை அடித்துக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். காசு செலவு இல்லாத சோதனை இது. பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. மஞ்சள் நிற இணைப்புகள் பையை வெடிக்க வைக்கும் கம்பிகளைச் சேர்ந்தவை. அதில் டெஸ்ட் விளக்கை வைத்துக் குத்துவது உயிருடன் விளையாடுவது. மெக்கானிக்கும் சாவியை அணைத்து, பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே தொட வேண்டும். பாட்டரி போனாலும், கம்ப்யூட்டர் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால், புதுக் கோளாறு ஒன்றும் பதிவாகிவிடும்!

அடுத்தது, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே சீட்டை மெதுவாக நகர்த்துவது. "முன்", "பின்" என்று செய்தி மாறினால் சென்சார் வேலை செய்கிறது. கம்பியை அசைக்கும்போது செய்தி விட்டு விட்டு வந்தால், கம்பிதான் குற்றவாளி. கம்பியும் இணைப்பும் நன்றாக இருந்து, செய்தி மட்டும் மாறவே இல்லையானால், தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால்தான் புதுச் சென்சார். ஓம் மீட்டரை வைத்து இதைச் சோதிப்பது வீண். உள்ளே இருப்பது சில்லு. அதன் மின்சாரத்தைத்தான் அளக்க வேண்டும். என்ஜினுக்கு மட்டுமான மலிவு ஸ்கேனரில் இந்தப் பையின் செய்தி தெரியாது.

இதற்கெல்லாம் அரை மணி, ஒரு மணி ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள். "ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்கிறார்கள். சாமானுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கிறவர்கள், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மறுக்கிறார்கள். பிறகு மெக்கானிக் ஏன் கண்டுபிடிக்கப் போகிறார்? சாமானைத்தான் மாற்றுவார்.

ரிப்பேர் முடிந்து விளக்கு அணைந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. காரை ஓட்டும் இருவரும் ஏறி உட்கார வேண்டும். கணவன் உட்காரும் இடத்தில் ஒரு தடவை, மனைவி உட்காரும் இடத்தில் ஒரு தடவை செய்தியைப் பார்க்க வேண்டும். அப்படியே மனைவியின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையே டேப் பிடித்து அளந்துவிடலாம். 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குறைந்தால், கால் எட்டும் வரையில் சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகுச் சாய்வைக் கொஞ்சம் சாய்த்துக் கொள்ளலாம்.