கரையில் நிற்பவர்களின் அறம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்காரனுக்குக் கடல் என்பது கல்வெட்டில் இருக்கிற சமாச்சாரம். எங்கள் ஊரிலிருந்து சிதம்பரம் போய், அதையும் தாண்டிப் பரங்கிப்பேட்டை போனால்தான் அலையைப் பார்க்க முடியும். நான் முதன்முதலில் கடலில் கால் நனைத்தது பதினோரு வயதில். ஆனால் ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட கதை எங்களுக்கு நடை பழகும் வயதிலேயே வந்துவிடும். 2025 ஆடித் திருவாதிரைக்கு, அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார்கள். அந்த வாரம் முழுக்க என் போனில் புலிக்கொடி பறக்கும் கப்பல்கள்தான். எல்லாவற்றிலும் முன்தட்டில் ஒரு தமிழன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நானும் இரண்டை ஷேர் பண்ணினேன், மறுக்கவில்லை.

அந்தப் பெருமை பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் எதிலுமே தண்ணீரில் கிடக்கும் தமிழன் ஒருத்தன்கூட இல்லை, அதைச் சொல்ல வந்தேன்.

கல்லூரி கடைசி வருடத்தில் எங்களுக்கு ஒரு 'ஆளுமைப் பயிற்சி' நடத்தினார்கள். நடத்தியவர் யார், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் இது நடக்கிறது. கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். கப்பல் மூழ்கிவிட்டது. படகில் ஆறு பேருக்குத்தான் இடம். இருப்பது பத்துப் பேர்: ஒரு டாக்டர், கர்ப்பிணி ஒருவர், ஒரு விஞ்ஞானி, ஒரு கிழவர், சிறையிலிருந்து வந்தவன் இப்படி. நாலு பேரை இறக்கிவிட வேண்டும், பதினைந்து நிமிடத்தில், காரணத்தோடு. எங்கள் தாளில் எட்டாவதாக 'ஓர் அகதி' என்று இருந்தது. பெயர் இல்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. எங்கள் குழுவில் அந்த ஆளை இறக்கச் சொல்லி வாதாடியது நான். "அவருக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்றேன். நல்ல பாயிண்ட் என்றார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி பெரம்பலூர் துறைமங்கலம் முகாமில் பிறந்தவள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிப் பயிற்சியாளரிடம் கேட்டாள்: "சார், கரை எவ்வளவு தூரம்? அந்தப் பக்கமா வேற கப்பல் ஏதும் வராதா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் கேள்வியில இல்லைம்மா. இருக்கிறதை வச்சு முடிவெடு."

எனக்கு அன்றைக்கு உறைக்காத அந்தப் பதிலோடுதான் இப்போது சண்டை.

இந்த விளையாட்டுக்கு அறிவுலக மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கர். 1974ல் எழுதினார். பணக்கார நாடு ஒரு உயிர்காப்புப் படகு. அதில் ஐம்பது பேர், இன்னும் பத்துப் பேருக்கு இடம். சுற்றிலும் நூறு பேர் நீந்திக்கொண்டு கெஞ்சுகிறார்கள். யாரையும் ஏற்றாதே என்பதுதான் அவர் தீர்ப்பு. அந்த நீந்துகிற கூட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்தியாவும் ஒன்று. அதாவது, ஜெயங்கொண்டத்துப் பையனாகிய நான், யாரை இறக்கலாம் என்று காலாட்டிக்கொண்டு யோசித்த அந்தப் படகில் எனக்கு முதலிலிருந்தே இடமில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் ஆடுகிற விளையாட்டு இது.

உண்மையில் படகில் கிடந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். 1884 ஜூலையில் மிக்னோனெட் என்ற சிறு பாய்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் போகும் வழியில் அட்லாண்டிக்கில் மூழ்கியது. நாலு பேர், ஒரு படகு, இரண்டு டின் டர்னிப் கிழங்கு, வழியில் பிடித்த ஓர் ஆமை. இருபது நாள் போல ஆனதும், கடல் தண்ணீரைக் குடித்து நினைவிழந்து கிடந்த ரிச்சர்ட் பார்க்கர் என்ற பதினேழு வயதுப் பையனைக் கொன்று மற்ற மூவரும் தின்றார்கள். (புதுச்சேரிப் பையனும் புலியும் படகில் போகிற 'லைஃப் ஆஃப் பை' பார்த்திருப்பீர்கள். புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.) மூவரில் ப்ரூக்ஸ் கொலைக்குச் சம்மதிக்கவில்லை, ஆனால் சாப்பிட்டான். டட்லி, ஸ்டீஃபன்ஸ் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. தன் உயிரைக் காக்கவும் இன்னொரு அப்பாவியைக் கொல்ல உரிமையில்லை என்றது நீதிமன்றம். சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வேண்டாத பிள்ளை என்று அந்த மூவர் தீர்மானித்தது அனாதையும் நோயாளியுமான ஒருவனை. என் தாளில் எட்டாம் எண்ணை நான் தீர்மானித்ததும் அப்படித்தான். அவர்களுக்காவது பசி இருந்தது. எனக்கு மத்தியானம் கேன்டீன் சாப்பாடு இருந்தது.

நம் சட்டப் புத்தகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 81ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 19. பெரிய தீங்கைத் தவிர்க்கச் சிறிய தீங்கைச் செய்தால் குற்றமா என்பது விஷயம். அதற்குச் சட்டம் தரும் உதாரணத்தில் முடிவெடுப்பவர் ஒரு நீராவிக் கப்பலின் கேப்டன். எதிரே ஒரு படகில் இருபது முப்பது பேர், திருப்பினால் இன்னொரு படகில் இரண்டு பேர். 1860ல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, முடிவு பெரிய கப்பலின் சுக்கானில் இருக்கிறது என்று. நமக்குத்தான் மறந்துபோனது.

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அதில் 155 ஈழத்தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடி, மேற்கு ஜெர்மனி போய், அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறியவர்கள். கரை பக்கத்தில்தான் என்று சொல்லிக் கப்பல்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் நடுக்கடலில் கிடந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவக் கேப்டன் பார்த்து ஏற்றிக்கொண்டார். முதலில் அவர் யாரிடமும் விசா கேட்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதிகாரிகள் கேட்டபோது அவர்கள் இந்தியாவிலிருந்து என்றார்கள். ஜெர்மனிக்கே திருப்பிவிடுவார்களோ என்ற பயம். சில நாளில் உண்மை வெளிவந்தது. அவ்வளவுதான், கனடாவில் பேச்சு மாறிவிட்டது: பொய்யர்கள், ஏமாற்றுக்காரர்கள், வரிசையைத் தாண்டி வந்தவர்கள். 155 பேரைப் பனிக்குள் விட்டுப்போனவனைவிட, விடப்பட்டவர்கள் சொன்ன பொய் பெரிய விவாதமானது. மூழ்குகிறவனிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பது இதுதான். கனடா அரசு கடைசியில் ஓராண்டுக்குத் தங்க அனுமதித்தது. நாடு மூழ்கிவிடவில்லை. இதை டொராண்டோவில் மெட்ரோவில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம், கைதட்டும் கிடைக்கும். ஆகவே 2014க்கு வருகிறேன். அந்த ஜூனில் 157 தமிழர்கள் ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா அவர்களைக் கடலிலேயே மடக்கி, ஒரு சுங்கக் கப்பலில் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடைத்து வைத்தது, பிறகு நவ்ரூ தீவுக்கு அனுப்பியது. அப்படிக் கடலில் அடைத்தது சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. அநியாயம் என்று இங்கே நாமும் எழுதினோம். ஆனால் படகு கிளம்பிய இடம் புதுச்சேரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அதில் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள். குழந்தையோடு இந்தியப் பெருங்கடலில் இறங்குவது மேல் என்று ஒருத்தர் முடிவெடுக்கிறார் என்றால், அவர் நின்றிருந்த கரை எப்படிப்பட்டது? தொப்புள்கொடி உறவு என்று நாம் மேடையில் முழங்கிய அதே கரை.

2021ல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், புது வீடுகளும் கட்டுகிறார்கள். நல்லது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கடாரம் கொண்டவனின் ஆயிரமாவது ஆண்டில் இதைப் பற்றி எத்தனை ரீல்ஸ் வந்தன?

"எல்லாரையும் ஏத்த முடியுமா ப்ரோ?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் உங்களிடம் யாரும் எல்லோரையும் ஏற்றச் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் பழுதான ஒரு மீன்பிடிப் படகில் அலைந்து இலங்கையில் கரை ஒதுங்கினார்கள். ஒதுங்கிய இடம் முள்ளிவாய்க்கால். 2009ல் முன்னால் கடலும் பின்னால் குண்டுமாக மாட்டிக்கொண்டவர்களின் கரை. அங்கிருந்த மீனவர்கள் சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படகில் எத்தனை பேருக்கு இடம் என்று அவர்கள் கணக்குப் போட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

அந்தப் பயிற்சி முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு, நீ தாளைத்தானே படிச்சே" என்றாள். முகாமுக்கு ஒருநாள் கூட்டிப்போனாள். அவள் அம்மா தேநீர் போட்டுக்கொண்டே 1990ல் வந்த கதையைச் சொன்னார். தலைமன்னார்ப் பக்கமிருந்து இரவில் படகு. இதுதான் ராமேஸ்வரம், இறங்குங்கள் என்று ஓட்டிகள் இறக்கிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் மணல் தீடை. மூன்று குடும்பம், ஒரு கேன் தண்ணீர். கேன் மூடியில் அளந்து, முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு பெரியவர்களுக்கு. ஒன்றரை நாள் கழித்து ராமேஸ்வரத்து மீனவர்கள் வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

"அப்ப உங்க ஆட்களுக்குள்ள சண்டை ஏதும் வரலையாம்மா?" என்று கேட்டேன். மறுபடியும் அதே கேள்வி, பாருங்கள். என் புத்தி அங்கேயேதான் போகிறது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர சேலைக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது, தம்பி. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. பொழுதுபட்டாப் பிறகு இவளின்ர அண்ணனுக்கு மட்டும் குடுத்தனான். பக்கத்துல மற்றப் பிள்ளையளும் கிடந்ததுகள்" என்றார். "இண்டைக்கும் அந்தச் சனத்தைக் கண்டா என்னால முகம் பார்த்துக் கதைக்க ஏலாது."

இறக்கிவிட்டுப் போன ஓட்டிகளின் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். இருட்டில் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லையாம்.