பட்டமளிப்புப் படத்துக்கு லைக் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு

நீளமான பதிவுதான். ஏ.எல். எழுதிய பெண் பிள்ளை உள்ள வீட்டுக்காரர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை போன கிழமை வீட்டுக்கு வந்தாள். குடும்ப, சிறுவர் உளவளத்துணையில் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. கறுப்பு அங்கியோடு அவள் நின்ற படத்துக்கு நம்ம ஊரே மாஷா அல்லாஹ் போட்டது. நானும் போட்டேன். வந்தவள் கேட்டது, "டீச்சர், நாலாம் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தா சொல்லுங்க, வீட்டுக்கு வந்து படிச்சுக் குடுக்கிறேன்." காலையில் முன்பள்ளி, பின்னேரம் டியூஷன். ஏன் மகள் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன். உம்மாவின் நகையை மீட்க வேண்டுமாம்.

அவளிடம் கேட்டுத்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன். பெயரைத் தேட வேண்டாம்.

பதிவுக் கட்டணம் 60,000 ரூபாய். வருடத்துக்கு 360,000 படி மூன்று வருடம். மொத்தம் 1,140,000. இதில் 500,000 உம்மாவின் நகையை அடகு வைத்தது. 400,000 வாப்பாவின் வயலை ஈடு வைத்தது. மிச்சம் 240,000 சீட்டுக் காசு. இப்போது முன்பள்ளியில் அவளுடைய சம்பளம் 22,000. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 4,000 போகிறது. நகைக்கு மாத வட்டி ஆறாயிரத்துக்கு மேல். கையில் பன்னிரெண்டாயிரம்கூட நிற்காது. சரி, வட்டியை விடுங்கள். சம்பளத்தில் மிஞ்சும் 18,000 ரூபாயையும் ஒரு சதம் தொடாமல் கொடுத்தால்கூட, முதலை அடைக்க அஞ்சேகால் வருடம் வேண்டும். அதுவரைக்கும் வாப்பாவின் வயலில் விளைகிற நெல் யாருடைய வீட்டுக்குப் போகும்?

இன்னொன்றையும் சொன்னாள். அடுத்த வகுப்பில் படிப்பிக்கும் ராத்தா ஒரு வருட டிப்ளோமா மட்டும் செய்தவ. அவவுக்கும் 22,000 தான். அப்படியென்றால் பதினொரு இலட்சத்துப் பட்டம் இவளுடைய சம்பளத்தில் ஏற்றியது எவ்வளவு? ஒரு ரூபாயும் இல்லை.

சேரும்போது அந்த நிறுவனத்தில் சொன்னது வேறு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று வேலை இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான், பொய்யில்லை. ஆனால் ஒரு செயலகத்தில் அப்படி எத்தனை கதிரை? விண்ணப்பம் கோரும் வரை காத்திருக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தைக் காட்டவும் வேண்டும். "அரச பதிவு பெற்ற நிறுவனம்" என்று சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய தாளை அவளுடைய வாப்பா பார்த்திருக்கிறார், நம்பியிருக்கிறார். அது கம்பனிப் பதிவு. பதிவுக் கட்டணம் கட்டினால் ஹோட்டல் கடைக்கும் அது கிடைக்கும். இந்த நாட்டில் ஒரு தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதென்றால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேட்டு அறிய வேண்டும். டிப்ளோமா என்றால் என்.வி.கியூ. மட்டம் எத்தனை என்று கேளுங்கள். பதிலுக்கு முன் தேத்தண்ணி வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

வட்டி விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். படிப்புக்கு வங்கிக் கடன் எடுப்போமா என்று கேட்டால் "வட்டி, ஹராம்" என்று கையை உதறுகிறோம். அதே வங்கியின் அடகு யன்னலில் நகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அது என்ன, வட்டி இல்லையா? அரசு வட்டியைப் பொறுப்பேற்கும் மாணவர் கடன் திட்டம் ஒன்று 2017 இல் தொடங்கியது. ஏ.எல். சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு. அது எல்லாப் பட்டத்துக்கும் இல்லை, தெரிவு செய்த பட்டங்களுக்குத்தான். உங்கள் பிள்ளை சேரப்போகும் பட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று நிறுவனத்திடமே கேளுங்கள்.

"கல்வியைக் காசால் அளக்கிறீங்களே டீச்சர்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். காசு வாங்கி விற்றவன் காசால்தான் அளந்தான். கட்டுகிறவள் அளந்தால் மட்டும் குற்றமா?

"இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைகளை நேரத்தோட கட்டிக் குடுக்கணும்" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து என் பதிவிலிருந்து போய்விடுங்கள். நான் படித்ததால்தான் இதை எழுதுகிறேன். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்தேன். கட்டணம் ஒரு சதமில்லை, மாதம் சிறு கொடுப்பனவும் தந்தார்கள், முடித்ததும் நியமனம். எனக்கும் பல்கலைக்கழகத்துக்கு இசட் ஸ்கோர் காணாமல் போனதுதான். தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே இடமில்லை. அதற்காக அடுத்த வழி இலட்சக் கணக்கில்தான் இருக்கிறது என்றில்லை. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே பாடம் பாடமாகக் காசு கட்டிப் படிக்கலாம். இழுபடும், அது உண்மை. ஆனால் வயல் மிஞ்சும்.

கடைசியாக நம்மைப் பற்றி. இந்தப் படிப்பு தேவையில்லாத படிப்பு என்று நான் சொல்லவே இல்லை. காதி நீதிமன்றத்து வாசலில் கைக்குழந்தையோடு குந்தியிருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஐஸ் பாவிக்கும் மகனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத உம்மாமாரைப் பாருங்கள். ஊருக்கு ஐந்து உளவளத்துணையாளர் வேண்டும். இருக்கிற ஒருத்தியை என்ன செய்தோம்? பள்ளிவாசல் நிருவாகம் அவளைக் கூப்பிட்டு ஆறு மாதம் சனிக்கிழமை சனிக்கிழமை குடும்பப் பிரச்சினைகளைப் பேசவைத்தது. கொடுத்தது பகல் சாப்பாட்டுப் பார்சலும் ஒரு நன்றிச் சான்றிதழும். காசு கேட்டபோது "ஸவாபுக்குரிய வேலை மகள்" என்றார்களாம். அதே கட்டடத்துக்கு டைல்ஸ் பதித்த மேசன் ஸவாபுக்காகவா பதித்தார்? முன்பள்ளிக்கு மாதம் 1,500 கட்ட மூக்கால் அழுகிறோம். அதே பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பென்றால் கேட்டதைக் கொடுக்கிறோம். பெண்கள் செய்கிற வேலை, பிள்ளை பார்க்கிற வேலை என்றால் நமக்கு அது ஓசியாக வேண்டும். பட்டம் விற்றவனிடம் ஏமாந்தது ஒரு பாதி, மற்றப் பாதி நாம்.

பெறுபேறு வந்ததும் துண்டுப் பிரசுரத்தோடு வீட்டுக்கு ஆள் வரும். கையெழுத்துப் போட முதல் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். அங்கீகாரத்தைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். உம்மாமார் அஸருக்குப் பிறகு வீட்டுக்கும் வரலாம்.

நாலாம் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தாலும் சொல்லுங்கள். கணக்கு நல்லாப் படிப்பிப்பாள்.