எரித்தால் ஒழியுமா குப்பை?

"ஒரு ஆலையைப் போட்டு எரித்துவிட்டால் குப்பையும் ஒழியும், கரண்ட்டும் கிடைக்கும்." திருவிடைமருதூர் டீக்கடையில் தொடங்கிக் கோட்டை வரைக்கும் இந்த நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. கேட்டால் சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். நம் ஊருக்குத் துளியும் பொருந்தாத நம்பிக்கை இது.

மகாலிங்கசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சேரும் குப்பையைப் பாருங்கள். கல்யாண மண்டபத்து எச்சில் இலை, வாடிய மாலை, காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்; எளிதில் எரியாது. டில்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து எரியாலை கட்டினார்கள். நம் குப்பை அதில் எரியவில்லை; மூடிவிட்டார்கள். அதன் பிறகும் புத்தி வந்ததா? சென்னை கொடுங்கையூரில் எரியாலைத் திட்டம் வந்தது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள்.

நன்றாக எரிவது பிளாஸ்டிக்கும் காகிதமும்தான். பிளாஸ்டிக்கை எரிப்பது பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். நச்சுச் சாம்பல் மிஞ்சும், அதையும் எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு உலை வைக்கும் குடும்பங்களின் வயிற்றிலும் அடி விழும்.

ஈரக் குப்பை மேடாகக் குவிந்து அழுகினால் மீத்தேன் வரும். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. அதே குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் எருவாகும். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன் எருக்குழியை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடித்த மண் இது. இதை யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குப்பையைப் பிரித்து எருவாக்கும் வேலையைச் செய்வது யார்? உரக்குடிலில் ஒரு காலை நின்று பாருங்கள். இலைக்கட்டைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் டம்ளர், டயப்பர், உடைந்த கண்ணாடி. கிழிந்த கையுறையோடு ஓர் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார். பருவநிலை மாநாடுகளில் பேசப்படும் காரியத்தை நடத்திக் காட்டுவது அந்தக் கைதான். அதற்கு நாம் தருவது ஒப்பந்தக் கூலி. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்த பணியாளர்களை நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். தூய்மைப் பணியாளர் என்று பெயரை மாற்றியவர்கள் நிலைமையை மாற்றவில்லை.

மாற்றிக் காட்டிய ஊரும் உண்டு. புனே நகரில் குப்பை பொறுக்கும் பெண்கள் 'ஸ்வச்' என்ற கூட்டுறவாகத் திரண்டு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் கட்டணம் தருகிறார், பிரித்து விற்கும் பொருளின் வருமானமும் அவர்களுக்கே. குப்பை பொறுக்குவோரை அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லின. நம் பேரூராட்சிகளும் இதைச் செய்யலாம். எரியாலைக்குக் கொட்டும் கோடிகளில் ஒரு பங்கு போதும்: நிரந்தர வேலை, முழுச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, கிழியாத கையுறை. பிரிக்காத குப்பையைத் தரும் மண்டபத்துக்கு அபராதம் போடுங்கள். அந்தப் பணம் பிரித்தெடுக்கும் அம்மாவின் கைக்குப் போகட்டும்.