சாரா என்றால் வெறும் இளவரசியா?

பெயர்ப் புத்தகம் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மலிவுப் பதிப்பாக இருந்தாலும் சரி, இணையத்தில் விளம்பரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பட்டியலாக இருந்தாலும் சரி, 'சாரா' என்ற பெயருக்கு எதிரே ஒரே சங்கதிதான். எபிரேயம். பெண்பால். இளவரசி. அப்புறம் அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்டக் கல், அமெரிக்காவில் இத்தனையாவது இடம். முடிந்தது கதை.

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பற்றுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வரவுப் பக்கத்தை மட்டும் நீட்டினால் எந்தத் தணிக்கையாளராவது கையெழுத்துப் போடுவாரா?

முதலில் அந்த இளவரசியையே எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் 'சர்' என்றால் அதிகாரி, தலைவன், தளபதி. அதன் பெண்பால்தான் சாரா. ஆதியாகமத்தில் யோசேப்போடு சிறையில் கிடக்கும் எகிப்து அரண்மனை ஆட்கள் இரண்டு பேர் நினைவிருக்கிறார்களா? ஒருவன் ராஜாவுக்கு மது ஊற்றுகிறவர்களுக்கு மேலாள், இன்னொருவன் ரொட்டி சுடுகிறவர்களுக்கு மேலாள். எபிரேய மூலத்தில் இரண்டு பேருமே 'சர்'தான். தமிழ் வேதாகமம் அங்கே 'தலைவன்' என்று சரியாகப் போட்டிருக்கிறது. மடைப்பள்ளித் தலைவனை யாரும் இளவரசன் என்று சொல்வதில்லை அல்லவா? அப்படியானால் சாரா யார்? தலைவி!

இன்றைய இஸ்ரேலிலும் அரசாங்க அமைச்சருக்கு 'சர்' என்பதே சொல். பெண் அமைச்சர் என்றால் 'சரா'. 1949ல் கோல்டா மேயர் தொழிலாளர் துறையை ஏற்றபோது அவருடைய பதவிப் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. ராஜ வாசனையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அக்காடிய மொழியில் 'ஷர்ரு' அரசன், 'ஷர்ரத்து' அரசி. எப்படிப் பார்த்தாலும் அதிகாரம் செலுத்துகிறவள் என்றுதான் வருகிறது. அப்பா ராஜா என்பதால் மகளுக்குத் தானாக வந்துசேரும் பட்டம் இளவரசி. தலைவி அப்படியில்லை. ரோஜா நிற அட்டை போட்டுக் கிரீடம் வரைந்து விற்க எது வசதியோ அதைப் பெயர்ப் புத்தகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரியும் கிரீடப் பொம்மை இல்லை. ஆபிரகாமின் மனைவி. தொடக்கத்தில் அவள் பெயர் சாராய். (நம்மூர்ப் பையன்களுக்கு அது வேறு எதையோ ஞாபகப்படுத்தும், விட்டுவிடுவோம்.) 17ம் அதிகாரத்தில் பெயர் மாறுகிறது. முன்னது 'என் தலைவி', பின்னது 'தலைவி' என்று விளக்கம் சொல்வது பழைய மரபு. இரண்டும் ஒரே பெயரின் பழைய, புதிய வடிவங்கள்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 90 வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டவள் சிரிக்கிறாள். பிறந்த மகனுக்கு ஈசாக்கு என்று பெயர். 'சிரிக்கிறான்' என்று அர்த்தம். அதே சாராதான் ஆகாரையும் அவள் பிள்ளையையும் வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்கிறவள். இறக்கும்போது 127 வயது. எபிரேய வேதத்தில் இறந்த வயது சொல்லப்பட்ட ஒரே பெண் இவள்தான். கறாரான, கோபக்கார, சிரிப்புக்காரக் கிழவி. இந்தக் கிழவிக்கும் பெயர்ப் புத்தகத்து இளவரசிக்கும் என்ன உறவு?

தமிழ் வேதாகமம் அவளைச் சாராள் ஆக்கியது. மரியாள், அன்னாள், ரெபெக்காள் வரிசையில் நம் இலக்கணத்து 'ள்' ஒன்று ஒட்டிக்கொண்டது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது. அந்தச் சாராள் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. முஸ்லிம் வீடுகளிலும் சாரா உண்டு. குர்ஆனில் இப்ராஹிமின் மனைவி பெயர் சொல்லப்படாமலே வருகிறாள், ஆனாலும் பெயர் மரபில் நிலைத்துவிட்டது. தென் பிரான்சில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ரோமா நாடோடி மக்களுக்குக் கறுத்த நிறத்தில் ஒரு புனித சாரா இருக்கிறாள். ஆண்டுதோறும் மே 24ல் சிலையைக் கடலுக்கு எடுத்துப் போவார்கள்.

இனி 'என்றும் மவுசு குறையாத பெயர்' என்ற ஜல்லி. இதுவும் அரைகுறைதான். யூதர்களிடம் இந்தப் பெயர் விடாமல் இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் கிறிஸ்தவர்கள் இதைப் பரவலாகச் சூட்டத் தொடங்கியது 16ம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு. புனிதர்களின் பெயர் வேண்டாம், பழைய ஏற்பாட்டுப் பெயர் போதும் என்றவர்களின் வேலை அது. 'சாலி' என்பதுகூடச் சாராவின் செல்லப்பெயராகப் பிறந்ததுதான். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 1974லும் 1984லும் முதலிடம். அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் முதல் ஐந்துக்குள். முதலிடம் மட்டும் அங்கே ஒருநாளும் கிடைக்கவில்லை.

சரி, இதுவரைக்கும் வரவுப் பக்கம். கிழித்துப்போட்ட பக்கத்துக்கு வருவோம்.

1938 ஆகஸ்டு 17. ஜெர்மனியில் நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. யூதர்களுக்கு இனி இன்னின்ன பெயர்கள்தான் என்று உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் போட்டது. அதில் இல்லாத பெயர் வைத்திருக்கும் யூதர்கள் 1939 ஜனவரி 1 முதல் கூடுதலாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் என்றால் இஸ்ரேல். பெண் என்றால் சாரா.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மக்களின் முதல் தாயின் பெயரை எடுத்து, அதையே அந்த மக்களின் பெண்கள் எல்லோர் மேலும் ஒரே முத்திரையாகக் குத்தினார்கள். அவரவரே அலுவலகத்துக்குப் போய் இன்னாருக்கு இந்தப் பெயர் சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு ஏறும். வியாபாரக் கடிதமோ வழக்கு மனுவோ எதுவாக இருந்தாலும் கையெழுத்தில் அந்தப் பெயர் வரவேண்டும். வராவிட்டால் தண்டனை.

பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸ் 1935ல் பட்டம் பெற்ற யூத மதகுரு. உலகில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். ரெகினா என்றால் லத்தீனில் அரசி. அரசியோடு தலைவியையும் சேர்த்து எழுதச் சொன்னது சட்டம், அவமானப்படுத்துவதற்காக! ரெகினா சாரா யோனாஸ் 1942ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. இந்தப் பெயர்ச் சட்டத்தை வரைந்ததில் முக்கியக் கை உள்துறை அதிகாரி ஹான்ஸ் குளோப்கேயுடையது. ஹான்ஸ் என்பது யோகன்னஸ் என்பதன் சுருக்கம். அது எபிரேய யோகனான். 'கடவுள் கருணை காட்டினார்' என்று பொருள். பிரசார மந்திரி கோயபல்ஸின் பெயர் ஜோசப். அதுவும் எபிரேயம்தான். எபிரேயப் பெயரைச் சுமந்துகொண்டே எபிரேயப் பெயரை அசிங்கம் என்று அறிவித்தவர்கள் இவர்கள். ஜெர்மானியர் தலைமுறை தலைமுறையாகச் சூட்டிவந்த எபிரேயப் பெயர்கள் பல அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. ஏற்றினால் பாதி ஜெர்மனி யூதப் பெயரில் நிற்கும் அல்லவா! பெயருக்கு இன அடையாளம் ஒட்டக் கிளம்பினால் கணக்கு இப்படித்தான் இடிக்கும். நம் பக்கத்திலும் "இது அவங்க பேராச்சே" என்று முகம் சுளிக்கிறவர்கள் ஹான்ஸ் குளோப்கேயை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் போருக்குப் பிறகு ஜெயிலுக்குப் போகவில்லை. 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடேனாவரின் அலுவலகத்தில் தலைமை அதிகாரியாக உட்கார்ந்திருந்தார்.

"குழந்தைக்கு ஆசை ஆசையாகப் பெயர் தேடுகிறவர்களிடம் போய் ஆஷ்விட்ஸ் கதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் 'வரலாறு' என்று தனியாகத் தலைப்புப் போட்டுக்கொண்டு ஆபிரகாமையும் ஹாலிவுட் நடிகைகளையும் அதில் எழுதுகிறார்களே, நடுவில் இருக்கும் ஆண்டுகள் மட்டும் எங்கே போயின? துக்கமான சேதி குழந்தைக்கு ஆகாது என்றால் வரலாறு என்ற தலைப்பே வேண்டாமே. இதைத் தெரிந்துகொண்டதால் எந்தத் தாயும் சாரா என்ற பெயரைக் கைவிடப் போவதில்லை.

ஜெர்மனியிலேயே கைவிடவில்லை. 1980களிலும் 90களிலும் அங்கே பெண் குழந்தைகளுக்கு மிகவும் விரும்பி வைத்த பெயர்களில் சாராவும் ஒன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னால் பதிவேட்டின் ஓரத்தில் அதிகாரி ஏற்றிய அதே பெயரை, உள்ளே உரிய கட்டத்தில் பெற்றவர்கள் தாங்களே கேட்டு எழுத வைத்தார்கள். ஓரத்தில் குறிப்பு ஏறியவர்களில் சிலர் அப்போதும் உயிரோடுதான் இருந்தார்கள்.

இதை எழுத இரண்டு வரி போதும். இடமில்லை என்று புத்தகக்காரர்கள் சொல்வார்களானால், அந்த அதிர்ஷ்டக் கல்லைத் தூக்கிவிட்டுப் போடலாம்.