எடுப்பதில் வேகம், கொடுப்பதில் சுணக்கம்

வரி கொடுக்கக் கடமைப்பட்டவர் கொடுத்தே தீரவேண்டும். இதில் நமக்கு மறுகருத்தில்லை. 2022 ஆம் ஆண்டில் திறைசேரி வற்றி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட வகையற்று இந்நாடு நின்ற நிலையை நாம் மறக்கவில்லை. நாம் கேட்பது வேறு. வரி கொடுக்க வேண்டாதவரிடம் முன்கூட்டியே எடுத்துக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏன் இத்தனை சுணக்கம்?

2023 ஜனவரி முதல் வங்கி வைப்புக்களின் வட்டியில் நூற்றுக்கு 5 வீதம் முற்பண வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதமாயிற்று. அதே நாளிலிருந்து தனியாளுக்குரிய வருடாந்த வரி நிவாரணம் 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனவே ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மிஞ்சாதவர் ஒரு சதமேனும் வருமான வரி கொடுக்கவேண்டியதில்லை. ஆயினும் அவருடைய வட்டியிற் பத்திலொன்று, அவர் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது.

வெங்காயத் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு, ஆயுட்காலச் சேமிப்பாகிய 20 இலட்சத்தை வங்கியிலிட்டு, அதன் வட்டியிற் காலந்தள்ளும் முதிய கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 8 வீதப்படி ஆண்டு வட்டி 160,000 ரூபா, பிடிபடுவது 16,000. அவர் செலுத்தவேண்டிய வரியோ பூச்சியம். அந்தப் பதினாறாயிரமும் அரசாங்கம் அவருக்குப் பட்ட கடன். இக்கடனை அவர் எப்போது கேட்கலாம்? 2025 ஏப்ரலிற் பிடித்த பணத்துக்கு, 2026 மார்ச் 31 இல் வரியாண்டு முடியும்வரை பொறுத்திருக்கவேண்டும். பின்னர் வங்கியின் பிடிப்புச் சான்றிதழைத் தேடிப் பெற்று, விபரத்திரட்டை நிரப்பி, 2026 நவம்பர் 30 இற்குள் சமர்ப்பிக்கவேண்டும். அதன்பின்னரே மீளளிப்பு என்ற பேச்சுத் தொடங்கும். ஆகவே சுணக்கம் கந்தோரில் ஆரம்பிப்பதன்று. சட்டமே ஓராண்டுக் காத்திருப்பை விதித்துவிடுகிறது. கந்தோரில் ஆகும் தாமதம் அதற்கு மேலதிகம். இதே கமக்காரர் அரசாங்கத்துக்குக் கடன்பட்டுத் தவணை பிந்தியிருப்பின், வட்டியும் தண்டமும் அவர் தலையில் விழுந்திருக்கும்.

பிடிக்க வேண்டாமென வங்கிக்குப் பிரகடனம் கொடுக்க வழியுண்டே என்பர். உண்டு, 18 இலட்சத்தை மிஞ்சாத வருமானத்தை எதிர்பார்ப்பவர் அதைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அவ்வழியை அறியாதவரே கிராமங்களில் அதிகம். தாம் கடனாளியல்லர் என்று பிரசையே எழுதி நிரூபிக்கும்வரை அவரைக் கடனாளியாகவே கொள்வது என்ன நியாயம்? வழக்குத் தொடுப்பவனே தன் வழக்கை நிரூபிக்கவேண்டும் என்று நீதிமன்றத்தில் நாள்தோறும் வாதாடுவோருக்கு இது விசித்திரமாகவே படும்.

மொழியும் இங்கே சிறு விடயமன்று. விளக்கங்கோரி வந்த கடிதம் விளங்காமற் கிடந்தால், மீளளிப்பும் அதனோடு கிடக்கும். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், கந்தோர்க் கடிதத்தை வாசிப்பிக்க ஆள்தேடி அலைந்த தலைமுறையின் வழிவந்தோர் நாம். 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தது அந்நிருவாகத்தை எதிர்த்தே. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதிகாரிகளோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தருகிறது. ஆதலால் மீளளிப்புக் கேட்போர் தமிழிலேயே எழுதுக. வேற்றுமொழியில் மறுமொழி வந்தால், அதன் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தமிழில் தருமாறு உடனே கேட்டெழுதுக. தவணை தப்பவிடாதீர்கள்; உரிமை பேசியவர் தவணையைத் தவறவிட்டார் என்ற பழி நமக்கு வேண்டாம்.

நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டியன சில உள. மீளளிப்புக்கு மீறமுடியாத ஒரு தவணை வேண்டும். அத்தவணை கடந்தால், பிந்திய வரிக்கு அறவிடும் அதே விகிதத்தில் அரசாங்கமும் வட்டி கொடுக்கவேண்டும். விண்ணப்பித்தோர் எத்தனை பேர், பணம் பெற்றோர் எத்தனை பேர், எத்தனை மாதத்திற் பெற்றனர் என்ற கணக்கு மாவட்டவாரியாகச் சபையில் வைக்கப்படவேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இவை எழுப்பப்படாவிடின், ஏன் எழுப்பவில்லை என்று அப்பிரதிநிதிகளையே நாம் கேட்போம்.